கல்முனைக் கரை ஆசிரியரும் வெளிநாட்டு ஒப்பந்தமும்

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. உள்நாட்டிலேயே நெல்லை விளைவித்தாக வேண்டிய நெருக்கடியில், கொழும்பு அரசாங்கம் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்றைத் திறந்து, ஏ.எம்.ஏ. அஸீஸ் என்ற இளம் சிவில் சேவை அதிகாரியை உதவி அரசாங்க அதிபராக அனுப்பிவைத்தது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை நெல் உற்பத்தி. அவர் அதே ஆண்டில், அதே ஊரில், கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தொடங்கினார். 1945இல் அவர் முன்னின்று உருவாக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு இந்தச் சங்கமே முன்னோடி. வயலும் பாடசாலையும் ஒரே அதிகாரியின் கையில், ஒரே பருவத்தில் வளர்ந்தன என்பது இந்தக் கரையின் ஆசிரியத் தொழிலைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான செய்தி. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களில் ஆசிரியர் என்பவர் வெறும் சம்பளக்காரராகத் தொடங்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வயல் இருந்தது. அந்த வயல் கைநழுவிய பிறகு அதன் இடத்தில் வந்து நின்றதுதான் வெளிநாட்டு ஒப்பந்தம். இன்று மாலைதீவிலிருந்தோ ஓமானிலிருந்தோ ஓர் ஆசிரியருக்கு வேலைக் கடிதம் வரும்போது அந்த வீட்டில் போடப்படும் கணக்கு, மாதச் சம்பளத்திலிருந்து மாதச் செலவைக் கழித்துப் பார்க்கும் கணக்காக மட்டும் இருந்தால் அது பிழைக்கும் என்பதே என் வாதம். அந்தக் கணக்குக்கு எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் இலாப நட்டம் தெரியாது.

முதலில் வயல். 1945இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை இந்தப் பகுதிப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கி அதே பகுதிக்குத் திருப்பி அனுப்பியது. பதியுத்தீன் மஹ்மூத் 1960 முதல் 1963 வரையும் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராக இருந்த காலங்களில் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. இப்படிப் பாடசாலைக்குள் வந்தவர்களில் கணிசமானோர் நெற்செய்கைக் குடும்பத்தினர். ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். பெரும்போகம் முடிந்தால் நெல். தானே வயலில் இறங்காவிட்டாலும் குத்தகைக்குக் கொடுத்தோ, வயலைப் பார்த்துக்கொள்ள முல்லைக்காரரை வைத்துச் செய்தோ வீட்டுக்கு வேண்டிய அரிசியைச் சேர்த்துவிடலாம். சம்பளம் மீன், மண்ணெண்ணெய், சட்டை துணி, பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்குப் போதும். மருதமுனையில் நெல்லுக்குப் பதிலாகத் தறி இருந்தது. அங்கே ஆசிரியரின் சம்பளத்துக்குக் கைத்தறி துணை நின்றது. இந்தத் துணை வருமானம் இருந்ததால்தான் ஆசிரியர்கள் மாலையில் எழுதவும் கூட்டம் போடவும் முடிந்தது. நீலாவணன், மருதூர்க்கொத்தன், எம்.ஏ. நுஃமான் என இந்தக் கரையின் நவீன இலக்கியத்தில் பெயர் பெற்றவர்கள் பலர் பாடசாலை ஆசிரியர்களாகவே தொடங்கியது தற்செயல் அல்ல. சம்பளத்தை மட்டும் நம்பி வயிற்றோடு மல்லுக்கட்டும் தொழிலாக இருந்திருந்தால் அந்த ஓய்வு கிடைத்திராது.

இனி வீடு. இந்தக் கரையின் வாழ்க்கைச் செலவைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு கணக்கிட முடியாது. ஏனென்றால் இங்கே மிகப் பெரிய செலவு எந்த மாதச் செலவுப் பட்டியலிலும் வராது. தாய்வழிக் குடி முறை வழங்கும் இந்த ஊர்களில் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்கு வீடு கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியிருக்கிறார். அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைத் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மூத்த மகளுக்குத் தாய் வீடே சீதனமாகும். பெற்றோர் இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இன்னொரு வீட்டைக் கட்டிப் போவார்கள். அடுத்த மகளுக்கு அது போகும். இதை ஓர் ஆசிரியரின் வாழ்நாளோடு பொருத்திப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். அரசாங்க உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை என்ற மதிப்பில் இளமையில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். தலைக்கு மேல் கூரைக்காக அவர் ஒரு சதமும் செலவழிப்பதில்லை. ஆனால் மகள்மார் எத்தனை பேரோ அத்தனை வீட்டுக்கு அவர் கடன்பட்டவர். மூன்று மகள் உள்ளவர் ஒரு வீட்டைப் பெற்று மூன்றைக் கொடுக்க வேண்டும். அரசாங்க ஊழியருக்குக் கிடைக்கும் இடர் கடன் பத்து மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. அதில் ஓர் அத்திவாரம் போடலாம், வீடு எழும்பாது. முன்பு இந்த இடைவெளியை நிரப்பியது வயல்தான். ஓர் ஏக்கரை விற்று, அல்லது சீதனத்தோடு வயலையும் எழுதிக் கொடுத்து, வாப்பாமார் கடமையை முடித்தார்கள்.

வயல் எப்படிப் போனது என்பது நீண்ட கதை. இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் வரப்பில் நெருக்கியடித்து வாழும் ஊர்கள் இவை. மக்கள் பெருகியபோது வயல் பெருகவில்லை. ஒவ்வொரு சீதனத்திலும் அது துண்டானது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் பெரும் நீர்த்தேக்கத்தைக் கட்டி நீரைத் தந்தது. ஆனால் புதிதாகத் திறந்த காணிகளில் பெரும்பகுதி வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களுக்கே போனது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டபோது நிர்வாகத் தலைநகரும் கரையிலிருந்து உள்ளே போனது. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதித் துணி மருதமுனைத் தறிகளை முடக்கியது. 1985க்குப் பின் தமிழ் முஸ்லிம் உறவு கெட்டு, 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளோடு அது உடைந்தே போனபோது, கரையின் முஸ்லிம் விவசாயிகள் உள்ளே இருந்த வயல் வட்டைகளுக்குப் போக அஞ்சினார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் போகவில்லை. காணி உறுதியில் வயல் இருந்தது. களவெட்டியில் நெல் இல்லை. இந்த நாற்பது ஆண்டுகளில் ஆசிரியரின் சம்பளம் முன்பு ஒருபோதும் சுமக்காத பாரத்தைத் தனியே சுமக்க நேர்ந்தது. அரிசியையும் அதுவே வாங்க வேண்டும். வீட்டையும் அதுவே கட்ட வேண்டும்.

வெளிநாட்டில் படிப்பிக்கும் வேலை இந்தக் கரைக்குப் புதிதில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கடல் கடந்தார். பின்பு திரும்பி வந்து 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இந்தப் பகுதியின் மிகப் புகழ்பெற்ற ஆசிரியர் வெளிநாட்டு அழைப்பை ஏற்றவர் என்பது பெருமைக்குரியது. ஆனால் அவர் துறவி. கட்டிக் கொடுக்க வேண்டிய வீடு எதுவும் அவருக்கு இல்லை. குடும்பஸ்தரான ஆசிரியருக்கு அவர் வாழ்க்கை கல்வியில் வழிகாட்டும், கணக்கில் வழிகாட்டாது. குடும்பம் உள்ள இலங்கை ஆசிரியர்கள் கூட்டமாக வெளியேறியது ஆபிரிக்காவை நோக்கித்தான். நைஜீரியா 1976இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது எண்ணெய்ப் பணம் அதன் கையில் இருந்தது, ஆசிரியர்கள் இல்லை. இலங்கைப் பட்டதாரிகள் அங்கே போனார்கள், சம்பியாவுக்கும் போனார்கள். அந்த அலையில் கல்முனைக் கரையின் பங்கு சிறியது. காரணம் மொழி. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கி, 1960இல் பல்கலைக்கழகக் கலைப் பாடங்கள் வரை எட்டிய தாய்மொழிக் கல்வியின் பிள்ளைகள் இவர்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆங்கிலம் பழகிய முந்திய தலைமுறை ஒன்று இருந்தது. இங்கே கல்வி பரவியதே தமிழ் வழியில். எந்தக் கொள்கை இந்த ஊர்களில் ஆசிரியர்களை உருவாக்கியதோ அதே கொள்கை வெளிநாட்டு வகுப்பறையின் கதவைச் சிறிது காலம் மூடியும் வைத்தது. அதற்காகத் தாய்மொழிக் கல்வியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் இந்த ஊர்களில் வெளிநாட்டுக்கு அனுப்பப் பட்டதாரிகளே இருந்திருக்க மாட்டார்கள்.

கதவு திறந்தது மாலைதீவுப் பக்கம். அந்த நாடு 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலமொழிக் கல்விக்கு மாறியபோது தலைநகர் மாலேயின் மஜீதியா, அமீனியா பாடசாலைகளுக்கு இலங்கையிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தது. பின்பு கல்வி தலைநகரைத் தாண்டித் தீவுகளுக்குப் பரவியது. ஏறக்குறைய 200 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். சில நூறு பேர் மட்டுமே உள்ள தீவுக்கும் பாடசாலை வேண்டும். அங்கே கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் படிப்பிக்க அந்தச் சில நூறு பேருக்குள் ஆள் கிடைப்பது கடினம். ஆகவே இந்தியாவும் இலங்கையும் பல பத்தாண்டுகளாக அந்த வகுப்பறைகளை நிரப்பி வருகின்றன. கிழக்கிலங்கை முஸ்லிமுக்கு அங்கே பள்ளிவாசல் உண்டு, நோன்பும் பெருநாளும் உண்டு, மீனும் சோறும் உண்டு. கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம். வளைகுடாவிலோ நிலைமை வேறு. 1977க்குப் பின் இந்தக் கரையிலிருந்து அங்கே போனவர்களில் பெரும்பாலோர் சாரதிகள், கடைச் சிப்பந்திகள், வீட்டுப் பணிப்பெண்கள். ஆசிரியர்களுக்கு மஸ்கட், தோஹா, ரியாத் நகரங்களில் இலங்கையரின் பிள்ளைகளுக்காக நடக்கும் பாடசாலைகளும் தனியார் பாடசாலைகளும்தான் வாய்ப்பு. 1985இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இந்தப் பயணங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. இப்படி ஒப்பந்தம் வயலின் இடத்துக்கு வந்தது. அதன் தன்மையும் வயலைப் போலத்தான்: போகத்துக்குப் போகம் புதுப்பிக்க வேண்டும்; இரண்டு போகம் நன்றாக விளைந்தால் ஒரு வீடு எழும்; ஒரு போகம் பிழைத்தால் கடன்.

பிழைத்த போகங்களை வரலாறு நன்றாகக் குறித்து வைத்திருக்கிறது. 1980இல் நைஜீரியாவின் ஒரு நைரா ஒன்றரை அமெரிக்க டொலருக்கு மேல் பெறுமதியானது. 1986இல் நைஜீரியா அந்நியச் செலாவணியைச் சந்தைக்கு விட்டது. 1987இல் ஒரு டொலருக்கு நான்கு நைரா. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஓர் எழுத்தும் மாறவில்லை. டொலரில் எண்ணினால் வீட்டுக்கு வந்த பணம் ஆறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது பல்லாயிரம் இலங்கையர் கையில் கிடைத்ததோடு பாலைவனத்தைக் கடந்தார்கள்; ஐக்கிய நாடுகள் சபையின் இழப்பீடு பல ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வந்தது. மாலைதீவின் ரூபியா நீண்ட காலம் டொலருக்கு 12.80 என்று கட்டப்பட்டிருந்தது. 2011 ஏப்ரலில் அதை 15.42 வரை தளர விட்டார்கள், அங்கேயே அது நின்றுவிட்டது. 1,000 ரூபியாவுக்கு முன்பு 78 டொலர், பின்பு 65 டொலருக்கும் சற்றுக் குறைவு. ஒரே இரவில் ஆறில் ஒரு பங்குச் சம்பள வெட்டு அது. வெளிநாட்டுச் சம்பளம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு நாணயங்களின் மேல் நிற்கும் பலகை. இரண்டு காலில் எது அசைந்தாலும் பலகை ஆடும். வேலைக் கடிதத்தில் சம்பளம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை டொலராக மாற்றி அனுப்ப அந்த நாட்டு வங்கி விடுமா என்ற இரண்டு கேள்விகளும் சம்பளத் தொகைக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை.

இதற்கு மறுப்பு உடனே வரும்: நமது ரூபாவும் விழுகிறதே, அப்படியானால் வெளிநாட்டில் உழைப்பவர் எப்போதும் இலாபத்தில்தானே இருப்பார்? 1977 நவம்பரில் டொலருக்கு ஏறக்குறைய 16 ரூபாவாக விழுந்ததிலிருந்து நமது நாணயம் எழுந்து நின்றதில்லை என்பது உண்மை. இந்த மறுப்பைச் சோதிக்க 2022ஐ விடச் சிறந்த ஆண்டு இல்லை. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,000 ரூபியா அனுப்பிய ஆசிரியரின் வீட்டுக்கு முன்பு 13,000 ரூபாவும் பின்பு 23,000 ரூபாவும் வந்திருக்கும். கையில் வாங்கும்போது பெரிய இலாபமாகத் தெரியும். ஆனால் அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவு மட்டும் 94.9 சதவீதம். பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. 2021 இறுதியில் 1,300 ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 நடுப்பகுதியில் அதன் இரு மடங்கைத் தாண்டியது. அதாவது அந்த 1,000 ரூபியாவைச் சீமெந்து மூடையில் எண்ணினால் முன்பு பத்து மூடை. பின்பு அதைவிடக் குறைவு. ரூபாவில் உயர்ந்த வருமானம் வீட்டில் குறைந்திருக்கிறது. ஊரில் இருந்த ஆசிரியர் இதைவிடப் பன்மடங்கு இழந்தார், மறுக்கவில்லை. ஆயினும் வெளியே போனவருக்குக் கிடைத்தது செல்வம் அன்று. விழாமல் நின்றது மட்டுமே. மாதச் செலவை வைத்துக் கணக்குப் போடாமல் வீட்டை வைத்துப் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குடி முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டைக் கேட்கும் அதே வழக்கம்தான் ஆசிரியரைத் தனியே போகவும் அனுமதிக்கிறது. மனைவி தன் சொந்த வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வளவில் உம்மா, அடுத்த வளவில் ராத்தா. கணவன் இல்லாத வீட்டில் மாமியார் ஆட்சி இல்லை, வீட்டு வாடகை இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் உண்டு. மாமியார் வீட்டிலோ வாடகை வீட்டிலோ மனைவியை விட்டுப் போகும் ஆணைவிட இந்தக் கரையின் ஆணுக்குப் புறப்படுவது எளிது. வெளிநாட்டில் அவர் மூட்டும் இரண்டாவது உலைக்குத்தான் கூடுதல் செலவு. குடும்பத்தோடு போகிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் இந்த அனுகூலம் முழுவதையும் கைவிடுகிறார். மாலேயில் வாடகை கடுமை. தீவில் பாடசாலை கொடுக்கும் அறை ஒருவருக்கானது. அதைவிடப் பெரிய விலை பிள்ளைகளின் படிப்பு. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் அம்பாறையும் உண்டு. எந்த மாவட்டம் என்பதை உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுப் படிப்பு தீர்மானிக்கிறது. மாலைதீவில் லண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்குத் தயாராகும் பிள்ளை இந்த உரிமையை விட்டுவிட்டே தயாராகிறது. அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு வைத்திய பீட இடத்தைப் பணம் கொடுத்து வாங்கப் போனால் இரண்டு வீட்டுப் பணமும் போதாது. பிள்ளை சாதாரண தரத்தை நெருங்கும் குடும்பமும், பிள்ளை இன்னும் பாலர் பாடசாலையில் உள்ள குடும்பமும் ஒரே வேலைக் கடிதத்தை ஒரே மாதிரி நிறுக்கக் கூடாது.

ஆசிரியை என்றால் கணக்கு மாறுகிறது. இன்று இலங்கைப் பாடசாலைகளில் பெண் ஆசிரியர்களே பெரும்பான்மை. இந்தக் கரையிலும் அப்படித்தான். பெண் வீட்டின் சொந்தக்காரி. அவள் போனால் வீடு பூட்டிக் கிடக்கும் அல்லது உம்மம்மாவின் கையில் பிள்ளைகளோடு விடப்படும். ஊரார் வாயும் ஒரு செலவுதான். இந்த ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன ஏழைப் பெண்கள் நாற்பது ஆண்டுகளாக அந்தப் பேச்சைச் சுமந்தே தங்கள் மகள்மாருக்கு வீடு கட்டினார்கள். படித்த ஆசிரியை போவதைப் பெருமையாகவும் அவர்கள் போனதைக் குறையாகவும் பேசுவது அநியாயம். இரு சாராரும் கட்டியது ஒரே வீட்டைத்தான்.

கடுமையான மறுப்பு ஒன்றுக்கு வருகிறேன். சீதனமே தவறு, மஹர் கொடுத்துப் பெண்ணை எடுக்க வேண்டிய மார்க்கத்தில் பெண் வீட்டாரிடம் வீடு வாங்குவது வெட்கம், அதை ஒழித்தால் ஆசிரியர் எங்கும் போக வேண்டியதில்லை என்கிறார்கள். மார்க்கம் படித்தவர்கள் இதைச் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மாடி கேட்பதும், தரைக்குத் தளவோடு கேட்பதும் வழக்கம் அல்ல, பேராசை. வெளிநாட்டுப் பணம்தான் அந்தப் பேராசைக்குத் தீனி போட்டது. ஒருவர் மாலைதீவுக் காசில் மாடி கட்டினால் அடுத்த வளவில் ஓடு போட்ட வீடு குறைந்த சீதனமாகிவிடுகிறது, காணியில் பேர்ச் ஒன்றின் விலையும் ஏறுகிறது. ஆனால் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது வேறு விஷயம். 2004 டிசெம்பர் 26இல் சுனாமி நாட்டிலேயே அம்பாறை மாவட்டத்தில்தான் அதிக உயிர்களைக் கொண்டுபோனது, பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனையில் அழிந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பதில் வீடு கொடுத்தபோது குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரைப் பதிந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த உரிமை ஒரு விண்ணப்பப் படிவத்தில் கைமாறியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற இன வழக்கில் சிக்கி, சுனாமி அகதிகள் குடியேறாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்து பாழடைந்தன. வீடு இல்லாத பெண்ணின் நிலை என்ன என்பதை இந்தக் கரை அந்த ஆண்டுகளில் கண்டது. மாடியை எதிர்க்க வேண்டும். மகளுக்கு வீடு என்பதை எதிர்ப்பவர்கள், அதன் இடத்தில் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பைத் தருவார்கள் என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்டும்.

இன்னொரு மறுப்பு பாடசாலையின் பக்கமிருந்து வருகிறது. எனக்கு அதிகம் வலிப்பது அதுதான். இலவசக் கல்வியில் படித்து, அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்னொரு நாட்டுப் பிள்ளைக்குப் படிப்பித்தால் நமது பிள்ளைக்கு யார் படிப்பிப்பது? யாழ்ப்பாணத்தில் பிறந்த அஸீஸ் கல்முனைக்கு வந்தார், விபுலானந்தர் போய்த் திரும்பினார், கல்வி எப்போதும் இடம்பெயர்ந்தே வளர்ந்தது என்று இதற்குப் பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. போகிறவர்கள் கலைப் பட்டதாரிகள் அல்லர். அவர்களுக்கு வேலைக் கடிதம் வருவது அரிது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிப்பவர்களே போகிறார்கள். உள்ளூரில் வெற்றிடம் நிரம்பாத பாடங்களும் அவையேதான். நகரப் பாடசாலை இன்னோர் ஆசிரியரைத் தேடிப் பிடிக்கும். பொத்துவில் பக்கத்துச் சிறு பாடசாலையில் கணித வகுப்பு வெறுமையாகும். இந்த இழப்பு உண்மையானது. ஆனால் அதன் பொறுப்பை, மகளுக்கு வீடு கட்டப் போன ஆசிரியரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா? 2021இல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். பல பத்தாண்டுக் கோரிக்கை அது. அதே ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்ததில் பெரும்போகமும் விழுந்தது. வயலும் சம்பளமும் ஒருசேர விழுந்த பின், 2022 ஜூனில் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டு, பதவி மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் இல்லாமல் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரச ஊழியர்களை அழைத்தது. டொலர் இல்லாத அரசு தன் ஆசிரியர்களை ஏற்றுமதி செய்தது. போகச் சொன்ன அரசுக்கு, அவர்கள் விட்டுப்போன வகுப்புக்குப் பதில் ஆளை அனுப்பும் கடமை இருந்தது. விடுமுறை அனுமதித்த வேகத்தில் பதில் நியமனங்கள் வரவில்லை.

அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி மட்டும் இந்தக் கரையின் குடும்பங்களுக்கு மிகப் பெரிய பயனைத் தந்தது: ஓய்வூதியம் காப்பாற்றப்பட்டது. அரச ஆசிரியர் வேலையின் உண்மையான பெறுமதி மாதச் சம்பளத்தில் இல்லை; அறுபது வயதுக்குப் பின் சாகும்வரை வரும் பணத்திலும், அதற்குப் பின் விதவைக்கு வரும் பணத்திலும் இருக்கிறது. தனியார் பாடசாலை ஒப்பந்தம் அதைத் தராது. நைஜீரியா தரவில்லை, மாலைதீவும் தராது. மகள்மாருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கடைசி மகளின் வீட்டு ஓர் அறையில் முதுமையைக் கழிக்கும் தாய் தகப்பனுக்கு, மருந்து வாங்க மருமகனிடம் கை நீட்டாமல் இருக்க உதவுவது அந்த ஓய்வூதியம் ஒன்றுதான். ஆகவே அரச பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் போகும் ஒப்பந்தமும், விடுமுறையில் போகும் ஒப்பந்தமும் ஒரே சம்பளம் என்றாலும் ஒன்றல்ல. முன்னது வயலை விற்று வீடு கட்டுவது. பின்னது வயலைக் குத்தகைக்கு விட்டு வீடு கட்டுவது.

2022இல் அப்படி விடுமுறையில் போனவர்களின் ஐந்து ஆண்டும் 2027இல் முடிகின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்த எடுத்த முடிவின் கடைசிக் கட்டமும் 2027 ஜனவரியில்தான் வருகிறது. இரண்டும் ஒரே ஆண்டில் சந்திக்கும்போது, மாலைதீவுத் தீவுகளிலும் மஸ்கட்டிலும் இருக்கும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் ஆசிரியர்கள் திரும்புவதா, ராஜினாமா செய்துவிட்டுத் தங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். கல்வி அமைச்சுக்கு அவர்கள் உண்மையிலேயே வேண்டுமென்றால், உயர்ந்த சம்பளப் பட்டியலை மட்டும் காட்டினால் போதாது. திரும்பும் ஆசிரியருக்குப் பத்து மாதச் சம்பளத்தோடு நின்றுவிடாத, குறைந்த வட்டியில் நீண்ட தவணை வீட்டுக் கடன் ஒன்றை, மனைவியின் அல்லது மகளின் பெயரிலுள்ள காணிக்கும் செல்லும்படியாக, இந்த மாவட்டத்தில் திறக்க வேண்டும். வங்கிகள் பொதுவாகக் கடன் வாங்குபவரின் பெயரில் காணி உறுதியைக் கேட்கின்றன. இங்கே காணி பெண்ணின் பெயரில் இருக்கிறது, சம்பளப் பத்திரம் ஆணின் பெயரில் இருக்கிறது.